நிமிராத மோதிர விரல்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு சாயங்காலம். மதுரவாயலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஆவடி சேக்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பூந்தமல்லி வரை ஒரு பேருந்து, அங்கே இறங்கி இன்னொன்று. வழியில் வேலப்பன்சாவடி வந்தால் என் கழுத்து தானாக ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். அங்கே வரிசையாக நிற்கும் கல்லூரிகளில் ஒன்றில்தான் என் வீட்டுக்காரர் இருந்தார்.

வேலையில் இல்லை. உடம்பாக இருந்தார்.

தொழிற்சாலையில் லேத் மெஷினோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற மனுஷன். "எரிச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்? டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க பாத்துக் கத்துக்கட்டும்" என்று முன்னாலேயே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார். சொந்தக்காரர்கள் தாம் தூம் என்று குதித்தார்கள். நான் அவர் சொன்னபடியே கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது, உட்கார்ந்து அழ எனக்கு ஓர் இடமில்லை. சுடுகாடு இல்லை, கடலில் கரைக்கச் சாம்பல் இல்லை. பேருந்து ஜன்னலில் ஒரு மதில் சுவர், அவ்வளவுதான். உள்ளே போய் "ஒரே ஒரு தடவை காட்டுங்கய்யா" என்று கேட்க எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். கேட்டதில்லை.

அன்றைக்கு அந்த நிறுத்தத்தில் கூட்டம் முட்டி மோதி ஏறியது. ஒரு பெண், "ஆன்ட்டி, பைய கொஞ்சம் வச்சிக்கிறீங்களா?" என்று கேட்டபடியே என் மடியில் இறக்கிவிட்டாள். நம் ஊர்ப் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் மடி எல்லாருக்கும் பொது. பையின் மேல் மடித்து வைத்த வெள்ளைக் கோட்டு. அதிலிருந்து கண்ணைக் கரிக்கும் மருந்து நெடி. அவரை ஒப்படைத்த அன்று அந்தக் கூடத்தில் அடித்த அதே நெடி. முன் இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் கோட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கை காலியானதும் வந்து உட்கார்ந்தாள். திருமழிசைப் பெண், மருத்துவம் முதல் வருஷம். மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் வண்டி நின்றது நின்றதுதான். போனில் தோழியிடம், "இன்னாடி பண்றது, மண்டையில ஒண்ணுமே நிக்கல" என்று புலம்பிவிட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். என்ன பாடம் என்றேன்.

"இணைப்புத் திசு ஆன்ட்டி. நாளைக்குப் பரீட்சை. உங்ககிட்ட சொல்லிப் பாக்கட்டா?"

எலும்பை எலும்போடு கட்டுவது ஒன்றாம், தசையை எலும்போடு கட்டுவது வேறொன்றாம். தோலுக்கடியில் தளர்வாகப் பரவி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் பிடித்து வைப்பது இன்னொன்று. மூட்டு உரசாமல் காப்பது குருத்தெலும்பு. கொழுப்பும் இந்தக் குடும்பம்தான், எலும்பும்தான், ஓடுகிற ரத்தமும்தான் என்றாள். "ரத்தமா? அது எதைக் கட்டுது?" என்று மடக்கினேன். "அது எல்லா எடத்துக்கும் போயி வந்துகினே கீதே ஆன்ட்டி" என்று சிரித்தாள்.

பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, புறங்கை நரம்புக்கு நடுவே அழுத்திக் காட்டினாள். "இதான் தசைநாண். இத இழுத்தா வெரல் நிமிரும். எங்க ஐயாவுக்கு மட்டும் எடது மோதிர வெரல் நிமிரவே இல்ல. எப்பவோ வெட்டுப்பட்டுத் தச்சிருக்காங்க, தழும்பு அப்டியே கீது."

"எந்த ஐயா?"

"நாங்க பாத்துப் படிக்கிறவரு. அப்டித்தான் கூப்புடுவோம்."

என் வீட்டுக்காரருக்கும் அதே விரல்தான். குவார்ட்டர்ஸ் வாசலில் இளநீர் சீவும்போது கத்தி வழுக்கி, விரலின் மேல்பக்கம் பிளந்துகொண்டது. தைத்தும் அது நிமிரவில்லை. சாலையைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தால் அந்த விரல் மட்டும் உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு நிற்கும். "கொக்கி போட்டுட்டேன், இனிமே நீ எங்க ஓடுவ?" என்பார். அந்தக் கொக்கிக்காக நான் ஏங்காத நாளில்லை.

"அது என் வீட்டுக்காரர்மா, என்னையும் கூட்டிட்டுப் போ" என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் விடிந்தால் இந்தப் பிள்ளை பரீட்சைக்கு அவர் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். சொன்னால் அவள் கை நடுங்கும். அவள் நன்றாகப் படிக்கத்தானே அவர் அங்கே போனார்?

"மரியாதையா நடத்துறீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"கும்புட்டுட்டுதான் ஆன்ட்டி தொடுவோம்."

"நாளைக்கு எனக்கும் சேத்து ஒரு கும்பிடு போட்டுடும்மா."

என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பூந்தமல்லி வரும்வரை என் கையை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து கை கழுவக் குழாயடிக்குப் போனேன். அவர் விரலைத் தொட்ட கை, என் கையைத் தொட்டிருக்கிறது. குழாயைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பெண்ணை மறுபடி பார்க்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அந்த நிறுத்தத்தில் நான் மதில் சுவரைப் பார்ப்பதில்லை. வெள்ளைக் கோட்டோடு எந்தப் பிள்ளை ஏறினாலும், அது கேட்பதற்கு முன்பே பையை வாங்கக் கையை நீட்டிவிடுகிறேன்.