குப்பைமேனியும் வெள்ளைப் புடவையும்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், சாயத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் குப்பைமேனி தானாக முளைத்துக் கிடக்கும். எழுபதுகளின் கடைசியில், வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர் அதைத் தேடி வந்தார். புண்ணுக்கு எங்கள் தெருவில் என்ன போடுவோம் என்று கேட்டார். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. என் மனைவிதான் தறியை விட்டு எழுந்து வந்தாள்.

ஜரிகை அறுத்து அவள் வலது ஆள்காட்டி விரலில் சின்னப் புண். அதை நீட்டி, “இதுக்கு இந்த எலதான் சார்” என்றாள்.

“எலையில இருக்கற மருந்துச் சத்துங்களத் தனித்தனியா பிரிச்சி, எது கிருமியக் கொல்லுதுன்னு பாக்கப்போறோம்மா.”

“பாத்துட்டு வந்து சொல்லுங்க. எங்க எலய எங்களுக்கே சீசாவுல போட்டு வித்துடாதீங்க.”

அவர் சிரித்துக்கொண்டே பை நிறையப் பறித்துப் போனார்.

தறியில் அப்போது ஒரு கிறிஸ்தவக் கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளைப் பட்டுப் புடவை. கல்யாணத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பச்சைச் சாறு பட்டால் பட்டு பாழ். துணி சுற்றினால் இழை மாட்டும். அதனால் ராத்திரி சாறு வைத்துக் கட்டுவாள். விடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டுத் தறியில் உட்காருவாள். நெய்கிற வீடுகளில் எல்லோரும் அப்படித்தான். விரல் வீங்கியபோதும், “மருந்து போட்டுகினுதானே இருக்கேன்” என்றாள்.

நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தபோது விரல் கறுத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அடியோடு எடுத்துவிட்டார்கள். கை தப்பியதே பெரிது என்றார்கள். அதன் பிறகு அவள் தறியில் உட்காரவில்லை.

அடுத்த வருஷம் அந்த ஆராய்ச்சிக்காரர் மறுபடி வந்தார். வாசலிலேயே, “கிருமி செத்துதும்மா!” என்றார். கையில் ஒரு கண்ணாடித் தட்டின் போட்டோ. தட்டு முழுக்கப் பூஞ்சணம் மாதிரி கிருமி படர்ந்திருந்தது. பிரித்தெடுத்த சத்தை விட்ட இடத்தைச் சுற்றி மட்டும் துடைத்தாற்போல ஒரு வட்டம்.

“அது இருக்கற எடத்துல ஒண்ணுகூட வளரல பாருங்க.”

“கழுவிட்டா?”

“கழுவிட்டா எப்படிம்மா? மருந்து அங்கயே தங்கணுமில்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெறுமனே கிடந்த அவள் தறியைப் பார்த்தேன்.

“அப்ப எல மேல தப்பில்ல” என்றாள்.

இன்னும் கொஞ்சம் இலை வேண்டும் என்றார். அவளே போய்ப் பறித்து வந்தாள். வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

“எடது கையால குடுக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க சார்.”

அவர் அப்போதுதான் முந்தானையைக் கவனித்தார். போட்டோவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.