பறக்காத மீட்டர்

போன வாரம் கேன்டீனில் சாப்பிடும்போது, எதிரே இருந்த கணேசன் செல்போனை நீட்டினார். ஏதோ பழைய விமானத்தின் காக்பிட். வெறும் உள்பக்கம்தான், இறக்கை, வால் எதுவும் தெரியாது. "இது இன்னா பிளேன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அவரே எதையோ அமுக்கினார். பெயர், செய்த நாடு, எல்லாம் திரையில் வந்து நின்றது. அவர் சாம்பாரைப் பிசையப் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரிக்காதீர்கள், ஒரு காலத்தில் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளைத் தள்ளினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருஷங்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு வந்து, வண்டிகளுக்கு மீட்டர் செய்யும் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். முள்ளைப் பொருத்த வேண்டும், அது பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்ததை எடுக்க வேண்டும். சூடான பசை வாசனை சட்டையிலேயே தங்கிவிடும். துவைத்தாலும் போகாது.

கம்பெனிக்குப் பக்கத்தில், சுங்குவார்சத்திரத்தில் மூன்று பேருக்கு ஒரு ரூம். மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட் என்பதால் மெத்தை ஒன்றே போதுமானதாக இருந்தது. நான் படுக்கும்போது எழுந்து போனவனின் சூடு அதில் இருக்கும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தே வாரக்கணக்கில் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருவன் ஓ.டி.க்குப் போய்விடுவான், இன்னொருவன், வள்ளியூர் முருகேசன், போர்த்திக்கொண்டு தூங்குவான். பேச ஆள் இல்லை. லைனில் சூப்பர்வைசர் என்னோடு பேசுவது நான் செய்த மீட்டர் ரிஜெக்ஷன் ஆனால் மட்டும்தான். வேண்டுமென்றே ஒரு மீட்டரைக் கெடுத்தால் என்ன என்று யோசித்த நாளும் உண்டு. அவ்வளவு தனியாக இருந்தேன்.

அதனால்தான் பஸ் ஸ்டாப் அருகே பாபு அண்ணன் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தேன். செருப்பை வெளியே விட்டு உள்ளே போனால் ஏ.சி. குளிரும் ரூம் ஸ்பிரேயும் சாக்ஸ் நாற்றமும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் அந்த வாசனை எங்கேயாவது வந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். மீட்டர் படங்கள் தேடப் போய்த்தான் ஒரு இணையதளம் கிடைத்தது. தொழில் புத்தி, வேறென்ன.

வெளிநாட்டுத் தளம். யாராவது ஒரு பழைய விமானத்தின் காக்பிட் படத்தைப் போடுவார்கள், மற்றவர்கள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். மீட்டர்கள் இருக்கும் வரிசை, அவற்றைப் பதித்த பலகையின் வளைவு, கைப்பிடியின் தேய்மானம், இதை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஜெயித்தவர்தான் அடுத்த படத்தைப் போட வேண்டும், அதுவும் இதுவரை யாரும் போடாத படமாக, சொந்தமாக எடுத்ததாக. அங்கேதான் எனக்கு முட்டியது. மாதக்கணக்கில் பார்த்ததில் டகோட்டா மாதிரிச் சில விமானங்கள் எனக்கே அடையாளம் தெரிய ஆரம்பித்திருந்தன. ஆனால் விடையைச் சொன்னால் படம் போட வேண்டுமே. விமானத்தின் நிழல்கூட என் மேல் விழுந்ததில்லை. விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அவர்கள் பேசுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏல, அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னதாம்ல வச்சிருக்கான்?" என்று போர்வைக்குள்ளிருந்து முருகேசன் கேட்பான். பதில் வருவதற்குள் தூங்கியும் போய்விடுவான்.

ஒருநாள் கம்பெனி பஸ் ஒரகடம் தாண்டிப் போகும்போது, ஒரு இன்ஜினியரிங் காலேஜ் மதிலுக்கு மேலே வால் ஒன்று தெரிந்தது. விமானத்தின் வால்தான். மாணவர்கள் படிப்பதற்காக வாங்கி நிறுத்தியது. இனிப் படம் எடுக்க ஒரு விமானம் இருக்கிறது என்று, அந்த ஞாயிற்றுக்கிழமையே தளத்தில் வேறொருவர் போட்டிருந்த புதிருக்குத் துணிந்து 'சிப்மங்க்' என்று விமானத்தின் பெயரை எழுதினேன். சரியாகிவிட்டது. அடுத்த படம் நான் போட வேண்டும்.

பாபு அண்ணன் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வைத்திருந்த சின்ன டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தார், ஜாமீனாக என் கம்பெனி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். காலேஜ் வாட்ச்மேன் வடக்குப்பட்டுக்காரர். "அது பறக்காதுபா. நானும்தான் தள்ளிகினு வந்து இங்க நிறுத்துனது. அத போட்டோ புடிச்சிகினு போயி இன்னா பண்ணப்போற?" என்றார். சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை, இரக்கம் மட்டும் வந்தது. "சரி போ. சீட்டுக்கு அடில பாம்பு கீம்பு கீதான்னு பாத்து ஒக்காரு."

புஷ்பக். இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம், நம் நாட்டில் செய்தது. துணி போர்த்திய உடம்பு. உள்ளே கிழிந்த ரெக்சினும் புறா எச்சமும் நாறின. பலகையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மீட்டர் கழன்றுபோன ஓட்டையை யாரோ ஒரு வேனின் டெம்பரேச்சர் மீட்டரை வைத்து அடைத்திருந்தார்கள். எங்கள் கம்பெனி மீட்டர். நானே முள் வைத்ததாகக்கூட இருக்கலாம்.

படத்தை எடுத்துப் போட்டேன். அந்த மீட்டர் தளத்தையே கலக்கிவிட்டது. ரஷ்யா என்றார்கள், போலந்து என்றார்கள். ஒருவர் அமெரிக்க விமானம் ஒன்றைச் சொன்னார், கிட்டத்தட்ட பங்காளி முறை, ஆனால் அது இல்லை. படம் போட்டவர் வாரம் ஒரு துப்பு தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். 'இதில் ஒரு மீட்டர் ஆகாயத்தைச் சேர்ந்தது இல்லை' என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரே சிரிப்பு. என் பெயரைச் சொல்லி எத்தனை பேர் எழுதினார்கள் தெரியுமா. அந்த மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு பேச ஆள் இருந்தது. யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

'டெயில்வீல்' என்ற புனைபெயரில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். சரி என்று ஒப்புக்கொண்டேன். முடிந்தது, இனி எல்லோரும் அவர் பின்னால் போய்விடுவார்கள் என்று எழப்போனபோது அவரிடமிருந்தே இன்னொன்று வந்தது. 'நல்ல புதிர். அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாயா? நீ யார், எந்த ஊர், என்ன வேலை செய்கிறாய்?'

ஊரை விட்டு வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன். "டைம் ஆயிடிச்சிபா, ஆள் வெயிட் பண்ணிகினு கீறாங்க" என்றார் பாபு அண்ணன். அவசரத்தில் எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலமும் ஓடிப்போனது. அடுத்த ஞாயிறு நிதானமாக எழுதலாம் என்று எழுந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க லைனில் முள் வைத்துக்கொண்டே மனதுக்குள் எழுதினேன். ஆமாம், உட்கார்ந்தேன், சீட்டு உள்ளே போய்விட்டது. எங்கள் ஊரில் கரிசல் மண். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலம் தேடி வைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தளம் திறக்கவில்லை. "நெட் நல்லாத்தான் கீது. அவங்கதான் மூடிட்டாங்க போல" என்றார் பாபு அண்ணன். அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். பிறகு சென்டரே போய், அங்கே செல்போன் கடை வந்தது. புஷ்பக்கின் துணி கிழிந்து எலும்பு தெரிந்தது, ஒருநாள் மதிலுக்கு மேலே வால் இல்லை. நான் படப்பையில் மனை வாங்கி வீடு கட்டி, குடும்பஸ்தன் ஆகிவிட்டேன். பேச ஆள் இருக்கிறது.

ஆனாலும் அந்த மனிதர் நினைவு வரும். நான் பதிலே போடாமல் போய்விட்டேன் என்று நினைத்திருப்பார். நான் யார் என்று அவர் கேட்டார். அவர் யார் என்று கேட்க வேண்டும் என்பது, அத்தனை வரிகளை யோசித்த அந்த வாரத்தில், எனக்குத் தோன்றவே இல்லை.