பழுப்பு ஏறாத ஸ்லைடு

சாயக்காரி என்றால் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். துணிக்குச் சாயம் போடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம், லேப் டெக்னீஷியன். பெண்களின் உடம்பிலிருந்து எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்றுவது அவள் பிழைப்பு. தேடுகிற புரதம் கட்டியில் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும். இல்லாவிட்டால் நீலமாகவே கிடக்கும். ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இருந்தால் தினம் ஒரு மாத்திரை போட்டு நோயை அடக்கி வைக்கலாம். வேறொரு புரதம் அளவுக்கு மீறி இருந்தால் அதற்கென்றே ஊசி இருக்கிறது. இது தெரியாமல் வைத்தியம் பார்ப்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

வெட்டின கையோடு கட்டியைக் கெடாமல் காக்கிற ஃபார்மலினில் போட்டுவிட வேண்டும், வெளியே கிடந்தால் புரதம் வீணாகிவிடும் என்று ஆபரேஷன் தியேட்டர் ஆட்களிடம் அவள் கத்தாத நாள் கிடையாது. அவள் தலையைக் கண்டாலே "வந்துட்டாய்யா ஃபார்மலின்" என்று சிரிப்பார்கள். வாய்தான் அப்படி, மனசு பஞ்சு. அதனால்தான் சொந்த அக்காவுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்த அன்று அவள் மாடிக்குப் போகவில்லை. போய் நின்றால் அழுதுவிடுவோம் என்று கீழேயே மற்றவர்களின் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் தொடங்கிய ஆபரேஷன். அக்காவின் கட்டி போட்ட பாட்டில் லேபுக்கு வந்து சேர்ந்தபோது விளக்குப் போட்டாகிவிட்டது. ஆபரேஷன் இழுத்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

அக்காவின் ஸ்லைடு நீலமாக வந்தது. சரி, புரதம் இல்லை போல என்று ஆறுதல்படவும் வழியில்லை. நல்ல சதையிலும் அந்த ஹார்மோன் புரதம் கொஞ்சம் இருக்கும், கட்டிக்குப் பக்கத்திலிருந்த சதையாவது லேசாகப் பழுப்பேறியிருக்க வேண்டும். அதுவும் நீலமாகவே கிடந்தது. கூடவே போட்ட இன்னொருத்தியின் ஸ்லைடோ நன்றாகப் பழுப்பேறியிருந்தது. சாயத்தில் குறையில்லை. புது மருந்து உடைத்து, வேறு துண்டு சீவி, மறுபடி போட்டாள். அதே நீலம்.

லேப் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "இதை 'இல்லை'ன்னு எழுத முடியாதும்மா. 'தெரியலை'ன்னுதான் எழுதணும். பழைய துண்டு ஏதாவது இருக்கா?"

"இல்லை மேடம். முதல்ல ஊசி குத்திப் பார்த்ததோட சரி. அதுல ஒண்ணும் மிச்சமில்லை."

"அக்குள்ல எடுத்த நெறிக்கட்டி?"

"அதுல நோயே இல்லை மேடம்."

நல்ல சேதிதான். கட்டி வேரோடு போய்விட்டது, வேறெங்கும் பரவவில்லை. ஆனால் சோதித்துத் தெரிந்துகொள்ள அக்காவின் உடம்பில் இப்போது ஒன்றுமே இல்லை.

வராந்தாவில் அத்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா படுத்த நாளிலிருந்து அரை வயிற்றுக்குக்கூடச் சாப்பிடாத மனுஷன்.

"ரிப்போர்ட் ஏம்மா இவ்வளவு லேட்டு? அன்னைக்குத் தியேட்டர்ல எவ்வளவு நல்லா பார்த்துக்கிட்டாங்க! கட்டியை ட்ரேயில கொண்டாந்து காட்டினாங்க. உங்க அண்ணனுங்க ஊர்லேர்ந்து வந்துட்டிருக்காங்க, அதுவரைக்கும் வெச்சிருங்கன்னு கேட்டேன். புதுசா வந்த நர்ஸு, பாவம், முகம் கோணாம ஈரத்துணி போட்டு மூடி வெச்சாங்க. சாயங்காலம்தான் வந்து சேர்ந்தாங்க. முழுசா எடுத்தாச்சுன்னு எல்லாரும் கண்ணால பார்த்தாச்சு. நாளைக்கு ஒருத்தன் என்னைக் குறை சொல்ல முடியாது பாரு."

ஊர் வாய்க்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்தக் கட்டி ஃபார்மலின் படாமல் ட்ரேயில் கிடந்திருக்கிறது! கத்தியிருக்கலாம். கத்த வேண்டிய இடமும் இதுதான். அத்தானின் கன்னம் ஒட்டிப்போன முகத்தைப் பார்த்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா, எங்க பக்கம் ஏதாவது தப்பாயிடுச்சா?"

"இல்லை அத்தான்" என்றாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? போன புரதமா திரும்பி வரும்?

டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கேட்கிற மாத்திரைதான், இவருக்கும் கேட்கலாம், கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். ஊசியைப் பற்றிக் கேட்டாள். அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது, ஆதாரமில்லாமல் போட முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

முதல் மாத்திரையை அக்கா உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அத்தான் தண்ணீர் டம்ளரோடு நின்றார்.

"இது எனக்குக் கேக்குமாடி? உன் டெஸ்ட்டுல என்ன வந்துச்சு?"

"முழுங்குக்கா."

"சொல்லேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, தாங்கிக்குவேன்."

'இல்லை' என்று சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவோ தேவலை. சாயக்காரி அத்தான் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியலைக்கா."

அக்கா நம்பாமல் அவளையே பார்த்தாள். "நீயே பண்ணியுமாடி தெரியலை?" என்று கேட்டுவிட்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினாள்.