பெரியப்பா இறுக்கிய ஒயர்

இன்றைக்கும் என் போன் சார்ஜர் பிளக்கில் லேசாக ஆடினால், எனக்கு எரிச்சல் வருவது சார்ஜர்மேல் அல்ல, பெரியப்பாமேல்தான். எது தளர்ந்திருந்தாலும் அந்த மனுஷனுக்குப் பொறுக்காது. குழாய் சொட்டினால் இறுக்குவார், கதவு ஆடினால் ஆணி அடிப்பார். அவர் மூடிய ஊறுகாய் ஜாடியைத் திறக்கப் பக்கத்து லைன் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். தங்கச் சுரங்கத்தில் சிக்னல் மணிகளைக் கவனித்துக்கொண்ட எலெக்ட்ரீஷியன் அவர். கீழே சுரங்க லெவலில் இருப்பவர்கள் மணி அடித்தால்தான் மேலே இருப்பவர்கள் கேஜை, அதாவது கூண்டு லிஃப்டை, அனுப்பி அவர்களை ஏற்றுவார்கள். சுரங்கத்தை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அந்த அக்கறை மொத்தமும் எங்கள் தலையில் விடிந்தது.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். தேர்வானால் கோலாருக்குப் போகலாம். பஸ்ஸில், மிஸ்ஸோடு, வீட்டார் யாருமில்லாமல். அதை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

அட்டைக் குழாயில் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல் சுற்றினேன். ஒன்றுக்கு பேட்டரி, மற்றதற்கு மீட்டர். பேட்டரி ஒயரைத் தொட வைத்தால் பக்கத்துச் சுருளின் முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அடங்கும். எடுத்தால் எதிர்ப்பக்கம் துள்ளும். மின்சாரம் ஒரே சீராக ஓடும்வரை பக்கத்துச் சுருளுக்கு ஒன்றும் தெரியாது, வரும்போதும் போகும்போதும்தான் தெரியும் என்று மிஸ் விளக்கியிருந்தார். அதனால்தான் ஒயரின் ஒரு முனையைக் கையில் பிடிக்க வசதியாக வெறுமனே விட்டிருந்தேன்.

கம்பியையும், சுரங்கத்துத் தொப்பி விளக்கின் பழைய பேட்டரியையும் கொடுத்தது பெரியப்பா. கொடுத்ததோடு நின்றிருக்கலாம். கண்காட்சியன்று காலை நான் குளிக்கப் போன நேரத்தில் அந்த முனை அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே கறுப்பு டேப்பையும் சுற்றிவிட்டார். பள்ளியில் மேலே மூடியிருந்த துண்டை விலக்கியபோதுதான் பார்த்தேன். சுருள் சூடாக இருந்தது. முள் அசையாமல் நடுவிலேயே நின்றது.

“இன்னா பெரியப்பா பண்ணி வெச்சிருக்கீங்க!”

“ஒயர் லூஸா தொங்கிச்சி, டைட் பண்ணேன். இனிமே யானை இழுத்தாலும் வராது” என்றார், பேட்டரியைச் சுமந்து வந்த பெருமையோடு.

நகத்தால் டேப்பைப் பிராண்டிக்கொண்டிருக்கும்போதே நடுவர் வந்துவிட்டார். முள் ஆடவில்லையே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார்.

“ஆடாது சார். அவ்ளோ ஸ்டெடியான கனெக்‌ஷன்.”

நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அங்கே ஒரு எரிமலை சோப்பு நுரையைக் கக்கிக்கொண்டிருந்தது. கோலாருக்கு அதுதான் போனது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது அறுந்தது. முள் துள்ளியது. பார்த்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

“ஏய், ஆடிச்சும்மா! வேலை செய்யிது பாரு!” என்று அவர் கை தட்டினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“எல்லாம் உங்களாலதான் போச்சு. அத்த அப்படியே வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?”

அவர் சிரிப்பு அடங்கியது. “கீழேந்து மணி அடிச்சிக்கினே இருப்பாங்கம்மா. மேலே கேக்காது.”

“இங்க கீழே யாரு இருக்காங்க?” என்று கத்தினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, அறுந்த ஒயரை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். டேப் ஒட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தது. மேஜைகளையெல்லாம் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், இவர் இன்னும் விடமாட்டேன் என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்போதோ ஒரு நாள் கீழே நிஜமாகவே யாரோ மணி அடித்திருக்கிறார், மேலே கேட்காமல் போயிருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.