மாமாவுக்கு மலையில் பெண் பார்த்தோம்

பெண் பார்க்க எல்லோரும் பெண்ணின் வீட்டுக்குப் போவார்கள். பஜ்ஜி தின்பார்கள். என் மாமாவுக்கு மட்டும் மலையில் பெண் பார்த்தோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தங்கவயலில் சுரங்கத்துக்குள் கல் துளைத்தவர். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வலுத்ததும் வேலையை விட்டுவிட்டு அடுகோடிக்கு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அப்பா வேலை செய்த பட்டறையிலேயே அவருக்கும் வேலை. ஆள் பார்க்க நன்றாக இருப்பார். ஆனாலும் பெண் கேட்டுப் போன இரண்டு இடத்திலும் தட்டிப்போனது. சுரங்கத்து ஆள் என்றால் ஜாதகம் பார்க்கமாட்டார்கள், நெஞ்சைப் பார்ப்பார்கள். கல்தூசி உள்ளே போய் உட்கார்ந்திருக்குமோ என்று பயம்.

மூன்றாவது இடம் அல்சூர். பெண்ணின் அப்பா தினமும் விடிகாலையில் ஏரிப்பக்கம் நடப்பவர். வேட்டியை மடித்துக் கட்டினால் கெண்டைக்கால் உருண்டு நிற்கும். எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தார். சம்பளம்கூடக் கேட்கவில்லை.

"வீட்ல குந்திக்கினு என்னாத்த பாக்கறது? தம்பி ஊர்ப்பக்கம் கறுப்புக் குன்று இருக்குதாமே, மேல அம்மன் கோயிலு. ஞாயித்துக்கெழம வேன் பேசறேன். ரெண்டு குடும்பமும் ஒரு நட போயிட்டு வந்துடலாம்" என்றார்.

அவர் தெருமுனை தாண்டியதும் அம்மா சொன்னாள்:

"கோயிலும் இல்ல, கொளமும் இல்ல. உன்ன மேல ஏத்தி மூச்ச பாக்கப் போறாருடா."

"பாக்கட்டுமே" என்றார் மாமா. சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் இருமினார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் குன்றைப் பற்றி மாமா முன்பே சொல்லியிருந்தார். பூமிக்குள்ளிருந்து நெருப்பு குழம்பாகப் பொங்கி வந்து ஆறிப்போன கல் அது என்று. சுரங்கத்துக்கு வந்த கல் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் சொன்னதாம். நெருப்பு வந்த வாய் மேலே இன்னும் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த வாயைப் பார்க்க வேண்டும். கல்யாணம் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன.

ஞாயிறு காலை மாமா என்னைக் குழாயடிக்குத் தனியாகக் கூப்பிட்டார்.

"என் கையப் புடிச்சுக்கினே வா. நான் ஒரு அழுத்து அழுத்தினா ஒரு மணி. ஒரு மணின்னா கூண்டு நிக்கணும். கால் வலிக்குதுன்னு அப்படியே குந்திடு."

சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டுக்கு மணியடித்துத்தான் சேதி சொல்வார்களாம். கூண்டு விளையாட்டு எங்களுக்குள் ஏற்கெனவே உண்டு.

"எப்ப எழுந்துக்கறது?"

"மூணு அழுத்து."

"நெருப்பு வாய் காட்டுவியா?"

"காட்றேன்டீ."

அப்பாவுக்கு அன்றைக்கும் பட்டறை. அம்மா வந்தாள். மெட்டடோர் வேன் குன்றின் அடியில் நின்றதும் பெண்ணின் அம்மா முட்டிவலி என்று வேனிலேயே இருந்துவிட்டார். துணைக்கு என்று அம்மாவும் இருந்துவிட்டாள். ஏறியது நாலு பேர். அல்சூர்க்காரர், நான், மாமா, மாமாவுக்குப் பார்த்த அந்த அக்கா. கல்யாணம் ஆகும்வரை எனக்கு அவள் அக்காதான். அதிகம் பேசாதவள். காலில் புதுச் செருப்பு.

பெரிய மலை இல்லை. மூன்று குன்று, ஒன்றன்பின் ஒன்றாக. கல்லெல்லாம் கறுப்பு. தலையணையை அடுக்கி வைத்த மாதிரி உருண்டு கிடந்தது.

பாதி ஏறுவதற்குள் முதல் மணி. குந்தினேன்.

"இன்னா பாப்பா, அதுக்குள்ளயா?" என்றார் அல்சூர்க்காரர்.

மாமா என் முன்னால் உட்கார்ந்து காலை நீவிவிட்டார். தலையைக் குனிந்தபடி வெகுநேரம் நீவினார். சைக்கிள் பம்பில் ஓட்டை விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அது அவரிடம் வந்தது. பிறகு மூன்று அழுத்து. எழுந்தேன்.

அடுத்த அழுத்துக்கு, நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையின் நிழலில் நின்றோம். மாமா உட்காரவில்லை. ஒரு கல்லை எடுத்து மேல் பாறையைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். இங்கே தட்டினார், அங்கே தட்டினார். சுரங்கத்தில் தட்டிப் பார்க்காமல் எந்தக் கல்லுக்கு அடியிலும் உட்காரமாட்டார்களாம்.

அல்சூர்க்காரர் சிரித்தார். "இது சொரங்கம் இல்ல தம்பி. மேல வானம்தான். அது உழாது."

அந்த அக்கா சிரிக்கவில்லை. மாமா தட்டி முடிக்கும்வரை அவளும் உட்காரவில்லை.

முதல் குன்றின் உச்சியில் சின்னக் கோயில். மற்றபடி மொட்டைப் பாறை. நெருப்பு வாய் இல்லை. தூரத்தில் சாம்பல் நிறத்தில் மலை மலையாகத் தெரிந்தது. அங்கேயா என்று கேட்டேன்.

"அது மலையில்ல பாப்பா. நாங்க உள்ளேர்ந்து எடுத்த கல்ல அரைச்சுக் கொட்டின மண்ணு" என்றார் மாமா. "வாய் அடுத்த குன்றுல இருக்கும்."

சும்மா இருந்திருக்கலாம். அல்சூர்க்காரர் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அதயும் பாத்துடலாமா தம்பி? கொழந்த கேக்குது."

"போலாங்க" என்றார் மாமா.

கீழேயிருந்து டிரைவர், "பேக பன்னி சார்!" என்று அவசரப்படுத்திக் கத்தினான். அல்சூர்க்காரர், "ஐது நிமிஷ!" என்று ஐந்து விரலை விரித்துக் காட்டினார்.

இரண்டாவது குன்று செங்குத்து. ஏறத் தொடங்கியதுமே மணி. நான் குந்தியதும் அல்சூர்க்காரர் திரும்பி வந்தார்.

"இப்பிடி குந்திக்கினே போனா பொழுது சாஞ்சிடும். வா, நான் தூக்கிக்கறேன்."

ஒரே தூக்கில் தோள்மேல் வைத்துக்கொண்டு விறுவிறு என்று ஏறினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நெருப்பு வாய் கிட்டே வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா பின்னால் வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். உதடு வெளுத்திருந்தது. தொங்கிய கை மூடிமூடித் திறந்தது. மணி அடிக்கிறார் என்று தெரிந்தது. சொன்ன சொல்லை மீறக்கூடாது என்று, "கால் வலிக்குது!" என்று கத்தினேன்.

"நடக்கறது நானு. கால் வலிக்கறது உனக்கா?" என்று சிரித்துக்கொண்டே அவர் நிற்காமல் ஏறினார்.

கூண்டு நிற்கவில்லை.

மாமாவுக்குப் பின்னால் அந்த அக்கா. அவள் நின்றாள். மாமாவின் முதுகையே பார்த்தாள். குனிந்தாள். ஒரு காலைக் கல்மேல் வைத்துச் செருப்பின் வாரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. விரலில் சுற்றி இன்னொரு தரம் இழுத்தாள். ஆணியோடு பிய்ந்து வந்தது.

"அப்பா! செருப்பு அந்துடுச்சு."

அவர் நின்றார். "புதுசாச்சேம்மா!"

"அந்துடுச்சு. என்னால இதுக்கு மேல ஆவாது. எறங்கலாம்." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாமாவும் உட்கார்ந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டி.

அல்சூர்க்காரர் மாமாவின் முதுகை ஒரு தரம் பார்த்தார். மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைக் கீழே இறக்கினார்.

"உனக்கு போதும்னா போதும்மா" என்றார்.

இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. மாமா தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். "வேணாம், நீங்க போட்டுக்கினு நிதானமா வாங்க" என்றாள். சுட்ட கல்லில் வெறுங்காலோடு நடந்தாள். அதிலும் மெதுவாகத்தான் நடந்தாள். அவளுக்காக எல்லோரும் நின்று நின்று இறங்கினோம்.

வேனில் ஏறும்போது அல்சூர்க்காரர், "மாப்ள, நீங்க முன்னாடி குந்துங்க, காத்து வரும்" என்றார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். காலையிலிருந்து அவர் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தை மாதம் கல்யாணம். சந்தாபுராவில் குடித்தனம் வைத்தார்கள். அக்கா அத்தை ஆனாள். எத்தனையோ வீடு மாறினார்கள். மாடி வீடு என்றால் அத்தை எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். கடைத்தெருவுக்குப் போனால் கடைக்குக் கடை நிற்பாள். விலை கேட்பாள், வாங்கமாட்டாள். மாமா பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். "பொம்பளைங்களோட வந்தா இதான்" என்று கடைக்காரனிடம் சலித்துக்கொள்வார். என் கல்யாணத்துக்கு மாமா இருந்தார். என் பிள்ளையைப் பார்க்க இல்லை.

அன்றைக்கு வேனில் நான் அழுதுகொண்டே வந்தேன். நெருப்பு வாயைப் பார்க்கவே இல்லை. எல்லாம் இந்த அக்காவால் என்று அவள்மேல் அப்படிக் கோபம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். விரலில் வார் அறுத்த சிவப்புக் கோடு. பிய்த்ததை நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. புதுச் செருப்பைத் தானே பிய்த்தாள் என்று தெரிந்தால் அவள் அப்பா அடிப்பார், பாவம் என்று விட்டுவிட்டேன்.