தனியாகக் குடிக்கிறவன்

எங்கள் கண்டாவுத் தீவில், மயக்கம் தரும் யங்கோனா வேரைக் கரைத்துக் கூடித்தான் குடிப்போம். ஒருவன் தனியாகக் குடித்தால் பேயோடு சகவாசம் என்று பேச்சு. அப்பிசாய் மேல் விழுந்த பழி அதுதான்.

படகோட்டி. மனைவி போய்ச் சேர்ந்தபின் சுருட்டுதான் துணை. ஒரு மழைக்காலத்தில் கால் எழ மறுத்தது. இமை தொங்கியது, வாய் வறண்டது. யங்கோனாவை மட்டுமீறிக் குடித்தவனும் அப்படித்தான் இருப்பான். அவனோ ஊர்க்கூடத்துக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். பாயில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, வெட்கம்.

"வீட்ல ஒளிஞ்சு குடிக்கிறான்யா. எந்திரிக்கறப்ப தள்ளாடுறான், நாலடி போனா நேரா நடக்கிறான். நடிப்பப் பாரு!" என்று கிளப்பிவிட்டவன் மச்சான் லாய்செனியா. மச்சானை மச்சான் வாருவது எங்கள் ஊர் உரிமை. அவன் கேலியாகச் சொன்னதை ஊர் நிஜமென்று பிடித்துக்கொண்டது. ஊருக்கு மெல்ல ஏதாவது வேண்டுமே! அப்பிசாய் வீட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் கூடத்தில் யங்கோனா வாங்குகிறவர்கள் முறைப்படி கை குவித்துத் தட்டும் சத்தம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

ஒருநாள் படகுத்துறையில் விழுந்தான். தங்கை தலைநகர் சுவாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"புத்துநோய்க் கட்டி நுரையீரல்ல இருக்கு மாமா, கால்ல இல்ல," என்றாள் டாக்டர் பெண். "ஆனா கட்டிய அடிக்கக் கிளம்புன உங்க எதிர்ப்புச் சக்தி, நரம்பும் தசையும் சேர்ற இடத்தையும் அடிக்குது. அதான் மொதல்ல பலம் வராது. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணா கொஞ்ச நேரத்துக்கு வரும்."

புற்றுநோய் என்றதைவிட, பழி தீர்ந்தது என்பதுதான் அந்தப் பாவி மனதில் நின்றது.

சிகிச்சை முடிந்து, கை கால் பலவீனம் இன்னும் மிச்சமிருக்க அப்பிசாய் ஊர் திரும்பியதும் லாய்செனியா வந்தான். யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை முன்னால் வைத்துத் தலை குனிந்தான். எங்கள் முறைப்படி, பழிக்கு ஆளானவன் வேரைத் தொட்டுக் கை தட்டினால்தான் மன்னிப்பு. அதுவரை மன்னிப்புக் கேட்டவன் நிமிரக் கூடாது.

"தப்புப் பண்ணிட்டேன் மச்சான்."

"ஒருத்தரும் வரலடா. நெசமாவே குடிச்சிருந்தாலாவது பொழுது போயிருக்கும்."

அப்பிசாய் வேரைத் தொட்டான். கைகளைக் குவித்துத் தட்டினான். சத்தமே வரவில்லை. மறுபடி தட்டினான். ஒன்றுமில்லை. மன்னிப்பு கிடையாது என்று நினைத்து, குனிந்தபடியே லாய்செனியா விசும்பத் தொடங்கினான்.

அப்பிசாய் விடவில்லை. தட்டத் தட்டக் கைக்கு உயிர் வந்தது. கடைசியில் ஒரு தட்டு, கூடத்தில் கேட்பதுபோலவே கேட்டது.

லாய்செனியா நிமிர்ந்தான். பலம் தீர்வதற்குள் அப்பிசாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.