அரைவேக்காட்டு ரொட்டியும் எங்கள் வீட்டுப் பிட்டும்

என் கையெழுத்து கோணலானது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மீன் பெட்டி மூடிகளில் ஊர்ப் பெயர் மட்டும்தான். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் முகம் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதுவது அதைவிடச் சுகம்.

நாங்கள் உப்புக்குளத்தில் இருக்கிறோம். எனக்குக் கரையில் ஒரு மீன் வாடியில் வேலை. வள்ளங்கள் வந்த பிறகுதான் எங்கள் பாடு தொடங்கும். மீனைக் கழுவி, பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் ஒரு வரி ஐஸ், ஒரு வரி மீன் என்று அடுக்கி, கொழும்பு லொறியில் ஏற்றுவோம். விடியப்புறம் எனக்கு ஓய்வு. அந்த ஓய்வில் இவ்வளவு காலமும் நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மனைவிக்குப் போன கார்த்திகையில் நண்டுக் கொம்பனியில் வேலை கிடைத்தது. அவித்த நண்டின் சதையை எடுத்துத் தகர ரின்னில் அடைக்கிற இடம். விடிய ஐந்தரைக்கெல்லாம் ஆட்களை ஏற்றுகிற கொம்பனி வான் சந்திக்கு வந்துவிடும். வேலை கிடைத்த நாள் அவள் சொன்னதை மறக்க மாட்டேன். "பதினாறு வருசமா இந்த அடுப்பின்ர முகத்தைத்தான் பார்த்தனான். இப்ப முப்பது பொம்பிளையளின்ர முகத்தைப் பாக்கிறன். கை நண்டில, வாய் கதையில." அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு நாளாகியிருந்தது.

பள்ளி விடுமுறை இருக்கும்வரை கரைச்சல் இல்லை. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கினால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவள். நடுவிலான் எட்டாம் வகுப்பு. கடைசி மகள் இரண்டாம் வகுப்பு. மூவரும் காலையில் சாப்பிட்டு, இடைவேளைக்கும் கட்டிக்கொண்டு ஆறே முக்காலுக்கு வாசல் தாண்ட வேண்டும். மனைவி போய்விடுவாள். நான் பார்க்கவில்லை என்றால் மூத்தவள்தான் நாலு மணிக்கு அடுப்படிக்கு வர வேண்டும். அவள் படிக்கிற நேரமே அதுதான். அதை மனைவி ஒருநாளும் சம்மதிக்க மாட்டாள், வேலையை விட்டுவிடுவாள். ஆகவே நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், எனக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைத்துவிடலாம் என்று தீர்மானித்தோம். நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு தொடங்கினோம். அரிசி ஊறப்போட்டு, மில்லில் இடித்து வந்து, முற்றத்து அடுப்பில் மா வறுத்தோம். கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, அரிதட்டில் அரித்தோம். மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூளாக்கினோம். பயறு வறுத்துச் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தோம். இதெல்லாம் என் வீட்டில் எத்தனையோ தரம் நடந்தவை. ஆனால் நான் ஒருநாளும் கிட்ட நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தால் எல்லாமே கேள்வியாக இருந்தது. வறுத்த மா ஏன் மாதக் கணக்கில் கிடக்கிறது, வறுக்காத மாவில் ஏன் பூச்சி வருகிறது? பச்சை வெங்காயம் போட்ட சம்பல் மத்தியானத்தில் நாறுகிறதே, அதே வெங்காயத்தைப் பொரித்துப் போட்டால் ஏன் கிழமை ஏழு நாளும் நிற்கிறது?

மனைவியிடம் கேட்டேன். அது அப்படித்தான் என்றாள். அது எனக்குப் போதவில்லை. மூன்று சின்னப் போத்தல்களில் மூன்று விதமாகச் சம்பல் எடுத்து யன்னலில் வைத்து, காலையும் மாலையும் மூடி திறந்து மணந்து பார்த்தேன். துருவிய தேங்காய்ப்பூச் சம்பல் முதல் நாளே தோற்றது. புளி விட்டது ஒரு நாள் அதிகம் தாங்கியது. தண்ணீர் வற்றும்வரை பொரித்த கருவாட்டுச் சம்பல் அசையவே இல்லை. நடுவிலான் அந்த யன்னலுக்கு ஆய்வுகூடம் என்று பெயர் வைத்தான். மனைவி, "எங்கட கொம்பனியில மணந்து பாக்கிறதுக்கெண்டே ஒரு ஆள் இருக்கு, அவவுக்குச் சம்பளம். நீங்கள் சும்மா மணக்கிறியள்" என்று பகிடி பண்ணினாள்.

இந்த ஆராய்ச்சியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. அதுதான் பிழை.

பிள்ளைகள் மூவரும் பிட்டுப் பிரியர்கள். பிட்டை அவித்து பிரிஜ் மேல்பெட்டியில் உறைய வைத்தால் ஒரு கிழமைக்குக் காணும் என்று கணக்குப் போட்டேன். உறைய வைப்பது என் தொழில் அல்லவா. பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் நாள், ஞாயிறு பூசை முடிந்து வந்து, பெரிய ஓலை நீத்துப்பெட்டியில் நாலைந்து ஈடு அவித்தேன். தேங்காய்ப்பூவும் தாராளமாகப் போட்டேன். வாடியில் எங்களுக்கு முதல் பாடம், பெட்டிக்குள் இடைவெளி விடக் கூடாது என்பது. இடைவெளி இருந்தால் ஐஸ் கரையும், மீன் குழையும். அதே மாதிரி ஐஸ்கிறீம் வாளிகளுக்குள் பிட்டைக் கொட்டி, முஷ்டியால் குத்திக் குத்தி, ஒரு பொட்டுக் காற்றும் இல்லாமல் இறுக்கி மூடினேன். மனைவி களைத்துப் படுத்திருந்தாள், பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தடுத்திருப்பாள்.

திங்கட்கிழமை அவள் வானுக்குப் போன பிறகு வாளியைத் திறந்தேன். உள்ளே இருந்தது பிட்டு இல்லை, அத்திவாரக் கல். ஆவியில் வைத்தேன். வெளிப்பக்கம் கூழாகியது, உட்பக்கம் அப்படியே இருந்தது. கத்தி போகவில்லை. நேரம் ஓடியது. வாடியில் ஐஸ் கட்டி உடைக்கிற மரக் கட்டை ஒன்று வீட்டில் கிடந்தது. வாளியைச் சாக்கில் சுற்றி, குசினி நிலத்தில் வைத்து அடித்தேன். அந்தச் சத்தத்துக்குக் கடைசி மகள் பயந்து அழத் தொடங்கினாள். நடுவிலான் சிரிக்கத் தொடங்கினான். மூத்தவள் மட்டும் சந்திக் கடைக்கு ஓடிப் போய்ப் பணிஸ் வாங்கி வந்தாள். மூவரும் பிந்தித்தான் போனார்கள். பிட்டை வேலிக்கு வெளியே கொட்டினேன். கழுதைகள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன.

பள்ளிக்குப் போகும்போது வாசலில் மூத்தவள் திரும்பி, "அப்பா, நாளையில இருந்து நாலு மணிக்கு நான் குசினியைப் பாக்கிறன். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றாள். வேண்டாம் என்றேன். 

அம்மாவுக்கு யாரும் சொல்லாமல் இருக்க முடியுமா? கடைசி மகள் வேலிப் படலையடியிலேயே காத்திருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள். மனைவி ஏசவில்லை. இரவு சாப்பிட்டு முடிந்து கோப்பை கழுவும்போது சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம். சரிவராட்டி நான் வேலையால நிண்டுடுறன். பிள்ளை படிக்கோணும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கோப்பையை இரண்டு தரம் கழுவினாள்.

செவ்வாய் விடிய கடைப் பாணும் சம்பலும் கொடுத்துச் சமாளித்தேன். அப்போதுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எங்களுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே வேலி. புத்தளத்தில் கனகாலம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பம் அது. வீட்டுக்காரரை நானா என்றும் அவர் மனைவியை ராத்தா என்றும் கூப்பிடுவோம். நானா சைக்கிளில் உடுப்பு வியாபாரம் செய்கிறவர். அவர்களுக்குப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் நாலு பேர். ஆனால் விடியக் காலமை அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வராது. சுபஹ் தொழுகைக்குப் பிறகு குசினி லைற் எரியும். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையாகப் படலையைத் தாண்டுவார்கள். இடையில் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது? எனக்கு அது வாடியிலும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. பெரிய பிரிஜ் இருக்குமோ, மெசின் ஏதும் இருக்குமோ என்றெல்லாம் யோசித்தேன். போய்க் கேட்க வெட்கம்.

அன்று பின்னேரம் நானாவே வேலியடிக்கு வந்தார்.

"தம்பி, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்க. நேத்து விடிய உங்கட வீட்டுக்குள்ள என்னத்த உடைச்சீங்க? உங்கட ராத்தா சொல்றா, சுவர் உடைச்சு அறை எடுக்கிறீங்களாம். நான் சொன்னன், சுவர் இல்ல, தேங்காய் மூட்டை எண்டு."

"பிட்டு, நானா."

 அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே திரும்பி, "ரெண்டு பேரும் தோத்துட்டம், பிட்டாம்" என்றார். உள்ளேயிருந்தும் சிரிப்புக் கேட்டது. எனக்குக் காது சுட்டாலும், அந்தச் சிரிப்பில் ஒரு துணிச்சல் வந்தது. நான் அவர்கள் வீட்டு அமைதியைப் பற்றிக் கேட்டேன். அவர் அதை ஒரு கேள்வியாகவே எடுக்கவில்லை. நாளை சுபஹுக்குப் பிறகு வந்து பார்க்கச் சொன்னார்.

புதன் விடிய, என் பிள்ளைகள் முகம் கழுவுகிற இடைவெளியில் போனேன். குசினி வாசலைப் பார்த்தபடி பின் வளவில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் கைகளை மட்டும்தான் கண்டேன். அடுப்பில் ஒரு தட்டையான தாச்சிச் சட்டி. பக்கத்தில் ஒரு பிஸ்கற் ரின். ஒரு கை வந்து ரின்னிலிருந்து வெள்ளை ரொட்டி ஒன்றை எடுத்துத் தாச்சியில் போடும். திருப்பும். பொங்கியதும் எடுத்து, போத்தலில் இருந்த பொரித்த சம்பலைப் பூசிச் சுருட்டும். அடுத்த கை வரும். சின்னக் கைக்குப் பெரிய கை திருப்பிக் கொடுத்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

ராத்தா கதவு நிலைக்கு உள்ளே நின்று சொன்னா. ஞாயிற்றுக்கிழமை கிழமைக்குரிய ரொட்டி எல்லாவற்றையும் தட்டி, நிறம் மாறாமல் பாதிச் சூட்டில் வாட்டி எடுத்துவிடுவாவாம். ஒன்றோடு ஒன்று முட்டாமல் துணியில் ஆறப்போட்டு, மா தூவி ரின்னில் அடுக்கி, பிரிஜில் வைப்பாவாம். தேங்காய்ப்பூச் சேர்ப்பதே இல்லையாம். முகாமில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு பெரிய அடுப்பு. முறை வரும்போது பாதி வாட்டிக்கொண்டு வந்து, தங்கள் கொட்டிலில் நாலு சுள்ளியில் மீதியை வாட்டினார்களாம். அந்தப் பழக்கம் அப்படியே கூட வந்துவிட்டது என்றா.

"முழுசா வேகவைக்காதீங்க தம்பி. வெந்து முடிஞ்சத விடியக்குள்ள ஒண்டும் செய்யேலாது. பாதியில நிப்பாட்டினதத்தான் பிள்ளையளே முடிச்சிடும்."

வேலையால் வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். என் பிள்ளைகள் ரொட்டிக்குச் சம்மதிக்க மாட்டார்கள். பிட்டில் பாதி எது? வீட்டுக்கு வந்து மா வாளியைத் திறந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. துணியில் கட்டி அவித்து அரித்து வைத்த கோதுமை மா பாதி வெந்ததுதானே. வறுத்த அரிசி மாவும் பாதி வெந்ததுதானே. எங்கள் ஆட்கள் எந்தக் காலமோ பாதியில் நிறுத்தி வைத்த வேலையை, நான் அவசரப்பட்டு முடித்து, அதை உறையவும் வைத்திருக்கிறேன். இதை மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "அதுக்குத்தானே அவிச்சு வைக்கிறது. நீங்கள் என்ன எண்டு நினைச்சியள்?" என்று கேட்டாள். எனக்கு அப்படி ஒரு நினைப்பே இருந்ததில்லை என்பதை எப்படிச் சொல்வது.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முதல், சுடுதண்ணீர் விட்டு மாவைக் குழைத்துக் கொத்தி, உதிரி உதிரியாக அகன்ற தட்டில் பரப்பி, ஈரத் துணி மூடி பிரிஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். மேல்பெட்டிப் பக்கமே போகவில்லை. தேங்காய் துருவுவதை விடியலுக்கு விட்டேன். வியாழன் விடிய நடுவிலான் துருவினான். கடைசி மகள் பிட்டுக் குழலுக்குள் ஒரு பிடி மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ என்று போட்டாள். கை சுடும் வேலை மட்டும் என்னுடையது. அடுத்த வீட்டு அமைதி எங்களுக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூ யாருக்கு அதிகம் என்று இருவரும் சண்டை பிடித்தார்கள். முதல் குழல் உடைந்து கொட்டியது. ஆனாலும் ஆறரைக்கு மூவரும் சாப்பிட்டிருந்தார்கள், இடைவேளைக்குப் பயற்றம் உருண்டையும் கட்டியாகிவிட்டது. மூத்தவள் நாலு மணியிலிருந்து தன் மேசையில்தான் இருந்தாள். இடையில் ஒருதரம் குசினி வாசலுக்கு வந்து பார்த்தாள். நான் கையால் போ என்று காட்டினேன். போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே நடந்தது. பின்னேரம் மனைவி வந்ததும் கடைசி மகளைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்ததைக் கண்டேன். என்ன சொன்னாளோ தெரியாது. மனைவி என்னிடம் வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். சனிக்கிழமை முழுதும் அப்படியே போனது.

ஞாயிறு பூசையால் வந்து, அவள் கொம்பனிக்குப் போடுகிற வெள்ளைத் தொப்பியைத் தோய்த்துக் கொடியில் போட்டாள். காற்றுக்குப் பறக்காமல் இரண்டு கிளிப் குத்தினாள். பிறகு குசினிக்குள் வந்து மா வாளியைச் சரித்துப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இந்தக் கிழமைக்கு மா காணுமோ?"

"புதன் வரைக்கும் காணும்."

"அப்ப மிச்சத்துக்கு இப்பவே அவிப்பம். நான் துணி கட்டுறன், நீங்கள் அரியுங்கோ."

அரித்தேன்.

இது எழுதியது: சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு, பின்னேரம்.